ஓடுற ஜீப்பைப் பிரிச்சுப் போட்டேன்: ஒரு எம்.எம். 540-ன் முழுக் கணக்கு

2023 நவம்பர், ஒரு ஞாயித்துக்கிழமை காலை. உடுமலைப்பேட்டையில எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தகரக் கொட்டகை. உள்ள ஒரு ஜீப் இருந்துச்சுன்னு சொல்லணும், ஆனா அன்னிக்கு அது ஜீப்பா இல்ல. சேஸி நடுவுல தனியா நின்னுச்சு. பாடி சுவத்தோரமா சாஞ்சிருந்தது. இன்ஜின் ஒரு பழைய லாரி டயர் மேல உக்காந்திருந்தது. போல்ட், நட்டு எல்லாம் அம்மா சேர்த்து வெச்ச ஹார்லிக்ஸ் பாட்டில்ல.

பழைய வண்டி வாங்கி விக்கிற ஒரு புரோக்கரை நான்தான் கூப்பிட்டிருந்தேன். அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்தி வந்தாரு. எதையும் தொடல. "அம்பதாயிரம் தரேன் தம்பி. இந்த நிலைமையில எடைக்குத்தானுங்க போகும்"னாரு.

அதே வண்டியை அந்த வருஷம் பிப்ரவரியில 1,70,000 ரூபாய் குடுத்து வாங்கியிருந்தேன். அப்போ அது ஓடிக்கிட்டு இருந்துச்சு.

சேனல்ல ஜீப்பைக் காட்டின நாள்ல இருந்து "எவ்வளவு ஆச்சு ப்ரோ?"னு மட்டும்தான் எல்லாரும் கேக்கறீங்க. வீடியோவுல பெயின்ட் அடிச்சு முடிச்ச வண்டியைத்தான் பாத்திருப்பீங்க. இந்தக் கட்டுரையில கணக்கை முழுசா வைக்கறேன். நல்லா வந்த கணக்கு இல்ல. அதனாலதான் எழுதறேன்.

வண்டிக்கு முன்னாடி பேப்பர்

எனக்கு ஏன் ஜீப் கிறுக்கு வந்துச்சுன்னு கேட்டா, சின்ன வயசுல போடிக்குப் பக்கத்துல மாமா வீட்டுக்குப் போன லீவு நாட்களைத்தான் சொல்லணும். விடியக்காலையில ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு, மலைப் பாதையில வரிசையா ஏறிப் போற ஜீப்புகள். பின்னாடி தொங்கிக்கிட்டே போறவங்க. அந்த டீசல் புகை வாசனை இன்னும் மூக்குல இருக்கு.

மஹிந்திரா கம்பெனி 1947-லயே வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவுல பூட்ட ஆரம்பிச்சிடுச்சு. அந்தப் பரம்பரையில 1985-ல் வந்ததுதான் எம்.எம். 540. உள்ள பியூஜோ வடிவமைப்புல செஞ்ச 2,112 சிசி டீசல் இன்ஜின். பழைய ஆஃப்-ரோடு வண்டி வாங்கி வீட்டுல சரி பண்ண நினைக்கிறவங்களுக்கு நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான்: ஸ்பேர் கிடைக்கும். எண்ணிக்கையில நிறைய ஓடின வண்டி, பல வருஷம் பெரிசா மாறாம வந்த பாகங்கள். வீல் சிலிண்டர்ல இருந்து கியர் பாக்ஸ் சீல் வரைக்கும் ஏதோ ஒரு கடையில தொங்கும். சென்னையில இருக்கிறவங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கு. இதே ஆசையில ஜோங்கா வாங்கினா கதை வேற. நிசான் பேட்ரோலை அடிப்படையா வெச்சு ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில செஞ்ச கம்பீரமான வண்டி அது. ஆனா 1999-லயே தயாரிப்பு நின்னுடுச்சு. ஒரு சின்ன பார்ட்டுக்கு ஊர் ஊரா அலையணும். அலையறதும் செலவுதான்.

நான் பாத்த முதல் ஜீப்போட விலை 1,30,000. அப்படியே அள்ளிட்டுப் போகணும்போல இருந்துச்சு. ஆர்.சி.யை வாங்கிப் பாத்தா, விக்கிறவர் பேரே அதுல இல்ல. உரிமையாளர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்த மாதிரி வண்டிக்கு வாரிசுகள் படிவம் 31 குடுத்து முதல்ல அவங்க பேருக்கு மாத்தணும், அப்புறம்தான் நமக்கு. அதுபோக ஆர்.சி.யில பழைய ஃபைனான்ஸ் ஒண்ணோட ஹெச்.பி. பதிவு அப்படியே இருந்துச்சு. கடனை அடைச்சிருந்தாலும், அவங்க கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் இல்லாம அந்தப் பதிவு போகாது. அந்த ஃபைனான்ஸ் இருந்த கட்டடத்துல இப்போ செல்போன் கடை. கும்பிடு போட்டு வந்துட்டேன். மூணு வருஷத்துல நான் எடுத்த நல்ல முடிவுகள்ல இது முதலாவது. மத்தது அவ்வளவா இல்ல.

ரெண்டாவது ஜீப் 1993 மாடல். ஓன் போர்டு, ஃபோர் வீல் டிரைவ், ஒரே குடும்பத்துல இருந்த வண்டி. சேஸி நம்பர் மேல பேப்பர் வெச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுத்து ஆர்.சி.யோட ஒத்துப் பாத்தேன். இன்ஜின் நம்பரும் சரியா இருந்துச்சு. இதைக் கண்டிப்பா பாருங்க. பழைய ஜீப்புகள்ல இன்ஜினை மாத்திட்டு, அதை ஆர்.சி.யில ஏத்தாம ஓட்டறது சகஜம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. வேற இன்ஜின், பெரிய டயர், நீட்டின பாடி எல்லாம் இன்ஸ்டாவுல அழகா இருக்கும். ஆர்.டி.ஓ. முன்னாடி நிக்காது.

ஆர்.சி. 2023 ஆகஸ்ட் 20 வரைக்கும் செல்லும். படிவம் 29, 30 குடுத்து மார்ச்லயே என் பேருக்கு மாத்திட்டேன். பேப்பர் விஷயத்துல கெட்டிக்காரன்னு நினைச்சுக்கிட்டேன்.

பிரிக்கிறதுக்கு ரெண்டு வாரம்

காசு எங்க இருந்து வந்துச்சு? பர்சனல் லோன். 2,00,000 ரூபாய், 14% வட்டி, 36 மாசம். ஈ.எம்.ஐ. 6,836. அப்போ கோயம்புத்தூர்ல ஐ.டி. வேலை, கையில 55,000 சம்பளம். ஈ.எம்.ஐ.க்கு இடம் பண்ண, மாசம் 5,000 போய்க்கிட்டிருந்த எஸ்.ஐ.பி.யை நிறுத்தினேன். அவசரத்துக்குன்னு பேங்க்ல 60,000 இருந்துச்சு. என் மாசச் செலவுக்கு அது ரெண்டு மாசம் கூட முழுசா தாங்காதுன்னு அப்போ கணக்குப் போடல.

வண்டி விலை 1,70,000. போடியில இருந்து லாரியில ஏத்தி வர 9,000. பெயர் மாற்றத்துக்கு 3,500. ட்ராலி ஜாக், ஜாக் ஸ்டாண்டு, ஸ்பேனர் செட், கிரைண்டர், கிரீஸ் கன்னுன்னு 18,000. ஆகமொத்தம் 2,00,500. கடன் காசு அவ்வளவும் போச்சு. இனிமே ஆகப் போற வேலைக்கு ஒரு ரூபாய் கூட இல்ல. "மாசா மாசம் சம்பளத்துல பாத்துக்கலாம்"னு விட்டேன்.

வெளிநாட்டு வீடியோக்கள்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க. பாடியைக் கழட்டி, சேஸியை வெறுமையாக்கி, மண்ணடிச்சு, கறுப்பு பெயின்ட் அடிச்சு, புதுசு மாதிரி பூட்டுவாங்க. நானும் அதையே செஞ்சேன். ஜீப் பாடி சில போல்ட்ல மட்டும் சேஸி மேல உக்காந்திருக்கும். துருப் பிடிச்ச போல்ட்டுக்கு முதல் நாள் ராத்திரியே டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊத்தி ஊற வெச்சோம். மறுநாள் ஆறு ஃப்ரண்ட்ஸ், ஒரு சட்டி பிரியாணி, பாடி கீழ இறங்கிடுச்சு. அடுத்த வாரம் இன்ஜின், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ். ரெண்டு வாரக் கடைசியில கொட்டகை நிறைய பாகம். நான் எடுத்த போட்டோவுக்கு நல்ல லைக்.

அப்பா ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. வந்து பாத்தாரு. ஒண்ணும் சொல்லல.

ஆகஸ்ட் முதல் வாரம் எங்க ப்ராஜெக்ட்டை மூடினாங்க. டீமோட வேலை போச்சு.

அதே மாசம் 20-ம் தேதி ஆர்.சி. காலாவதி ஆச்சு. தனியார் வண்டியோட பதிவு முதல் 15 வருஷத்துக்கு, அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே படிவம் 25 குடுக்கலாம். ஆனா வண்டி இன்ஸ்பெக்டர் முன்னாடி ஓடி வந்து நிக்கணும். என் வண்டி பாட்டில்ல இருந்துச்சு. வாங்கின நிலைமையிலயே விட்டிருந்தா, பிரேக்கையும் லைட்டையும் மட்டும் சரி பண்ணி, 5,000 ரூபாய் கட்டணத்தோட 2028 வரைக்கும் வாங்கியிருக்கலாம். தாமதமாகிற ஒவ்வொரு மாசத்துக்கும் 500 ரூபாய் கூடுதல். கொட்டகைக்குள்ள சத்தமில்லாம ஓடின மீட்டர் அது.

60,000 அக்டோபர் கடைசியில தீர்ந்துச்சு. கோயம்புத்தூர் ரூம் வாடகை, சாப்பாடு, 6,836. ஈ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகக் கூடாதுன்னு அம்மா தன் ரெண்டு வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. "வேல கெடச்சா மீட்டுக்கலாம் கண்ணு"ன்னாங்க. நகைக் கடன் 40,000. வெறும் கையோட அம்மா ரேஷன் கடைக்குப் போறதைப் பாத்த அடுத்த ஞாயித்துக்கிழமைதான் புரோக்கரைக் கூப்பிட்டேன்.

அவரு போனதுக்கு அப்புறம் அப்பா கொட்டகை வாசல்ல நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "ஓடற வண்டியத்தானடா வாங்குன?"

நடுவுல ஒரு பள்ளம்

ஒரு எஃப்.டி.யை நடுவுல உடைச்சா என்ன ஆகும்? வட்டியில கொஞ்சம் போகும், அசல் கைக்கு வரும். ம்யூச்சுவல் ஃபண்டை இறங்கின நேரத்துல எடுத்தா நஷ்டம் வரும், ஆனா சில நாள்ல காசு அக்கவுன்ட்டுக்கு வந்துடும். பிரிச்சுப் போட்ட வண்டி இந்த ரெண்டு வகையிலயும் சேராது. ஓடும்போது 1,70,000. ஒரு போல்ட் கூடக் காணாம, எல்லாப் பாகமும் அங்கயே இருக்கும்போது 50,000. கிட்டத்தட்ட 70% விலை ரெண்டு வாரத்துல காலி. எதுவும் உடையல, திருடு போகல. ஸ்பேனரை எடுத்து நானே பண்ணின வேலை.

வேலை முழுசா முடிஞ்சா விலை ஏறும், உண்மைதான். நடுவுல இருக்கிற அந்தப் பள்ளத்துல நாம எத்தனை மாசம் நிக்கறோங்கிறதுதான் விஷயம். கையில மொத்தக் காசும் இருக்கிறவங்க நாலு மாசத்துல ஏறி வந்துடுவாங்க. மாசச் சம்பளத்துல பண்றவங்க ரெண்டு, மூணு வருஷம் நிக்கணும். அந்த மூணு வருஷத்துல வேலை போகலாம், கல்யாணம் வரலாம், ஆஸ்பத்திரி வரலாம். "பிரிச்சு அப்படியே வெச்சிருக்கேன், முடியல, எடுத்துக்கறீங்களா"ன்னு விக்கிற ஜீப்புகளை இப்போ பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டுக் கதை புரியுது.

2024 ஜனவரியில வேற வேலை கிடைச்சது. 48,000. முன்னாடி வாங்கினதை விடக் கம்மி, ஆனா பாதி நாள் வீட்டுல இருந்து பண்ணலாம். மார்ச் கடைசியில வளையலை மீட்டேன்.

அதுக்கு அப்புறம் ஜீப்புல பண்ணின முதல் வேலை கேட்டா சிரிப்பீங்க. கழட்டின எல்லாத்தையும் திருப்பி மாட்டினோம். புதுசா எதுவும் வாங்கல. கேஸ்கெட், ஆயில், நாலஞ்சு போல்ட், அவ்வளவுதான். அதே துருப் பிடிச்ச பாடி, அதே தேஞ்ச டயர். அப்பாவும் கூட வந்து உக்காந்தாரு. மில்லுல முப்பது வருஷம் பேரிங் மாத்தின கை. எந்த போல்ட் எங்க போகும்னு போட்டோவுல நான் தேடறதுக்குள்ள அவரு நீளத்தைப் பாத்தே எடுத்துடுவாரு. சனி, ஞாயிறா அஞ்சு வாரம் ஆச்சு. ஏப்ரல் கடைசியில ஸ்டார்ட் ஆச்சு. ஹீட்டர் ப்ளக் ஒண்ணு செத்திருந்ததால வெள்ளைப் புகையைக் கக்கிக்கிட்டு, ஆனா ஓடுச்சு.

அதே புரோக்கருக்கு போன் பண்ணி, விக்கிறதுக்கு இல்ல, விலைக்குச் சும்மா பாருங்கன்னேன். "எஃப்.சி. இல்லாம ஒன்னு நாப்பதுக்குப் போகும்"னாரு. ஒரு புதுப் பார்ட் கூட இல்லாம 50,000-ல இருந்து 1,40,000.

ஒரு நேரத்துல ஒரு வேலை

அன்னைக்கு ஒரு சாக்பீஸ்ல கொட்டகைச் சுவத்துல எழுதினேன்: ஒரு வேலை முடிஞ்சு வண்டி தானா வெளிய போய் உள்ள வரணும். அப்புறம்தான் அடுத்ததைத் திறக்கணும்.

மாசச் சம்பளத்துல ஜீப்புக்கு 9,000. தனி சேவிங்ஸ் அக்கவுன்ட், அதுல இருக்கிற காசுக்கு மேல எதுவும் வாங்கக் கூடாது. ஆனா அதுக்கு முன்னாடி 6,000 அவசர நிதிக்கு. ஈ.எம்.ஐ. 6,836, வாடகை 10,000. மீதி 16,000-ல வாழ்க்கை. இந்த வரிசையில ஜீப் கடைசி. கிரெடிட் கார்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள்ள எடுத்துட்டே போகல. அங்க போனா எதைப் பாத்தாலும் தேவையாத்தான் தெரியும்.

முதல்ல பிரேக். அழகுல கடைசி, அவசியத்துல முதல். நாலு பக்கமும் டிரம், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், லைனிங், பைப் எல்லாம் சேர்த்து 14,500. வீட்டுல தாராளமாப் பண்ணலாம். ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, ஜாக் மேல மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில போகாதீங்க, ஜாக் ஸ்டாண்டு போட்டு வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டுப் போங்க. ரெண்டு, பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழட்டினதும் வாயாலயோ கம்ப்ரஸராலயோ ஊதாதீங்க. ஈரத் துணியால துடைச்சு எடுங்க. இந்த வீடியோவுல நான் மாஸ்க் இல்லாம ஊதியிருப்பேன், அது தப்பு.

அடுத்தது ஸ்டீயரிங், முன் ஆக்ஸில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் க்ராஸ், பட்டை புஷ். 31,000. ஸ்டீயரிங்கைக் கால் சுத்து திருப்பினாலும் சக்கரம் அசையாம இருந்த வண்டி நேரா போக ஆரம்பிச்சது. ஆர்.சி. இல்லாததால ரோட்டுக்கு எடுக்கல. பக்கத்துல சித்தப்பாவோட தென்னந்தோப்புக்குள்ளயே வண்டிப் பாதையில ஓட்டிப் பாத்தோம். சித்தப்பா ரெண்டு நாள் பொறுத்துட்டு, "சொட்டுநீர் பைப்பை ஏத்தாம ஓட்டுடா"ன்னு மட்டும் சொன்னாரு.

வயரிங் 13,000. இது நானே பண்ணினது. பழைய ஜீப்புல தீப் பிடிக்கிறதுன்னா அது பெரும்பாலும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்ட வயர்லதான் ஆரம்பிக்கும். பழசை ஒண்ணு விடாமப் புடுங்கிட்டு, லைட்டுக்கு ரிலேயும் ஒவ்வொரு லைனுக்கும் ஃப்யூஸும் போட்டு, புதுசா இழுத்தேன். பேட்டரியும் இந்தக் கணக்குலதான் வருது.

இன்ஜின்தான் பெரிய செலவு, 68,000. தீபாவளி போனஸையும் அடுத்த வருஷம் வந்த இன்சென்டிவ்வையும் சேர்த்து 50,000 இதுக்குன்னு ஒதுக்கி வெச்ச பிறகுதான் திறந்தேன். எதை வீட்டுல பண்ணலாம், எதை வெளிய குடுக்கணும்னு இங்கதான் தெளிவா இருக்கணும். கழட்டறது, கழுவறது, பூட்டறது நம்ம வேலை. சிலிண்டர் போரிங், கிராங்க் அரைக்கிறது, ஹெட் சமப்படுத்தறது லேத் பட்டறை வேலை. கோயம்புத்தூர்ல பட்டறைக்கா பஞ்சம்? எஃப்.ஐ. பம்பையும் நாசிலையும் மட்டும் வீட்டுல திறக்கவே திறக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத தூசி போனாலே கெட்டுப் போற அளவுக்கு உள்ள நெருக்கமா செஞ்ச பாகம். காலிபரேஷன் கடையில குடுங்க. நான் ஒரு தடவை மிச்சம் புடிக்கிறேன்னு நாசிலை நானே கழுவி, அதனால ரெண்டாவது தடவை கூலி குடுத்தேன்.

இன்ஜின் வெளிய இருந்த ஏழு வாரம் மட்டும்தான் வண்டி மறுபடி பள்ளத்துல இருந்துச்சு. ஆனா இந்தத் தடவை அதுக்கான காசு முன்னாடியே பேங்க்ல, பட்டறைக்காரர்கிட்ட தேதி கையில.

டயர் அஞ்சு, 6.00-16 சைஸ், 27,500. இடையில டார்க் ரெஞ்ச், சீல் பிடுங்கறதுன்னு இன்னும் 6,000-க்கு டூல்ஸ்.

2025 ஜூன் முதல் வாரத்துல ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ரெக்கவரி வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். புதுப்பிக்க 5,000. காலாவதி ஆகி 22-வது மாசம், தாமதத்துக்கு 11,000. பசுமை வரி, புகைச் சான்றிதழ், ரெக்கவரி வாடகை. இன்சூரன்ஸ் தனி: 1,500 சிசிக்கு மேல இருக்கிற தனியார் வண்டிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் வருஷத்துக்கு 7,897, ஜி.எஸ்.டி. சேர்த்தா 9,300 சொச்சம். எல்லாம் கூட்டி 28,000. ஒரு விதத்துல தப்பிச்சேன். 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின இந்த வகை வண்டிகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ஆக்கிட்டாங்க, ஜி.எஸ்.டி. தனி. நீங்க இப்போ பட்ஜெட் போட்டா அந்த நம்பரை எடுத்துக்குங்க.

"வின்டேஜ்னு பதிவு பண்ணிட்டா இதெல்லாம் வேண்டாமே ப்ரோ"ன்னு கேக்கறவங்களுக்கு: 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ்னா 50 வயசு தாண்டியிருக்கணும், பெரிய மாற்றம் இல்லாம அசல் வடிவத்துல இருக்கணும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் ரோட்டுக்கு வரலாம். என் ஜீப் 2043-ல்தான் அந்த வயசுக்கு வரும்.

டிங்கரிங், பெயின்ட் 72,000. தரையில துருவை மறைச்சுப் பட்டி பூசியிருந்தாங்க. சுரண்டச் சுரண்ட ஓட்டை. அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வெல்டு பண்ணவே பாதிக் காசு. ஹுட், சீட்டு 16,000. ரெண்டும் 2026 மார்ச்ல முடிஞ்சது.

கூட்டிப் பாத்தா

வண்டி, லாரி, பெயர் மாற்றம், டூல்ஸ், மேல சொன்ன எல்லா வேலையும் சேர்த்து 4,76,500. கடன் வட்டி 46,000. மொத்தம் 5,22,500. 2023-ல ஒரு நோட்டுல நான் எழுதி வெச்ச பட்ஜெட் 3,00,000.

இப்போ நேர்ல வந்து பாத்தவங்க கேட்ட அதிகபட்ச விலை 3,80,000. வித்தா 1,42,500 நஷ்டம். நானும் அப்பாவும் போட்ட சனி, ஞாயிறுகளுக்குக் கூலி போடல. நிறுத்தின எஸ்.ஐ.பி.யையும் சேர்க்கல, 36 மாசத்துல 1,80,000 போட்டிருக்க வேண்டியது அது. "பழைய ஜீப் விலை ஏறிக்கிட்டே போகுது, இது ஒரு இன்வெஸ்ட்மென்ட்"னு உங்ககிட்ட யாராவது சொன்னா, அவங்க பெரும்பாலும் ஜீப் விக்கிறவங்க. சொந்த உபயோகத்துக்கு வெச்ச வண்டியை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி இல்லைங்கிறது உண்மை. லாபம் வந்தாத்தானே.

1,42,500-ஐ 38 மாசத்துக்கு வகுத்தா மாசம் 3,750. ஒரு பொழுதுபோக்குக்கு இது அதிகமா, கம்மியாங்கிறது அவங்கவங்க சம்பளத்தைப் பொறுத்தது. என்னைக் கேட்டா, இந்த 3,750 எனக்கு வலிக்கல. வலிச்சது நகைக் கடன் 40,000-தான், அது இந்தக் கூட்டல்லயே வரல.

இன்னொரு தடவை பண்ணினா? கடன் வாங்க மாட்டேன். 1,70,000 சேர்றதுக்கு மாசம் 9,000-னு வெச்சாலும் 19 மாசம் ஆகும், ஆகட்டும். ஆறு மாசச் செலவு பேங்க்ல இல்லாம போடிக்கே போக மாட்டேன். வாங்கின வண்டியை முதல் வருஷம் பிரிக்கவே மாட்டேன். பிரேக், லைட், ஸ்டீயரிங் மட்டும் பாத்து, ஆர்.சி.யைப் புதுப்பிச்சு, ஓட்டுவேன். ஓட்டும்போதுதான் எது நிஜமாவே கெட்டிருக்குன்னு தெரியும். நான் கழட்டின கியர் பாக்ஸ்ல ஒரு சீலைத் தவிர எதுவும் கெட்டிருக்கல. அப்புறம் இடம். அப்பார்ட்மென்ட்ல இருக்கிறவங்க பார்க்கிங்ல இதைப் பண்ணலாம்னு நினைக்காதீங்க. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்புல உங்க ஆயில் கறை போட்டோதான் தினமும் வரும்.

பிப்ரவரியில கடைசி ஈ.எம்.ஐ. போச்சு. போன மாசம் அம்மா, அப்பாவைக் கூட்டிக்கிட்டுத் திருமூர்த்தி மலைக்குப் போனோம். அம்மா முன் சீட்டுல. பிடிச்சுக்க கம்பி எங்கன்னு தேடி, டேஷ்போர்டுல இருந்த கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டாங்க. குலுங்கும்போதெல்லாம் ரெண்டு வளையலும் அந்தக் கம்பியில பட்டுச் சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சு. பின்னாடி அப்பா, "மூணாவது கியர்ல ஏறும்டா, எறக்காத"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு.

திரும்பி வந்து நிறுத்தினா, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அடியில அஞ்சு ரூபா அகலத்துக்கு ஆயில் சொட்டு. ஒரு பழைய தட்டைக் கீழ வெச்சிருக்கேன். சீல் விலை 180 ரூபாய். ஜீப் அக்கவுன்ட்ல காசு இருக்கு, சனிக்கிழமை மாத்தணும்.